காரைக்குள்ள பூட்டிக் கிடக்கிற காத்து

காரைக்குடி பக்கத்துலேருந்து ஒரு வாசகி கேட்டிருந்தாங்க, தாத்தா காலத்து வீட்ட இடிக்கிறோம், சுவர்லேருந்து மூணு காரைத் துண்டு, அதாவது பழைய சுண்ணாம்புப் பூச்சு, எடுத்து வச்சிருக்கேன், இத வச்சு வீட்டோட வயசு தெரியுமான்னு.

சுண்ணாம்பு விஷயம் ஸ்கூல்ல படிச்சதுதான். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ காளவாய்ல 900 டிகிரி கிட்ட சுட்டா கார்பன் டை ஆக்சைடு போயிடும், தண்ணி ஊத்துனா நீத்துப்போகும், மணல் சேத்துப் பூசினா காத்துலேருந்து அதே வாயுவ இழுத்து திரும்பவும் கல்லாயிடும்.

அந்த வாயு எந்தக் காலத்துக் காத்து சொல்லுங்க? பூசுன காலத்துக் காத்து! கிளிஞ்சலோட பழைய கார்பன் காளவாய்லயே போயாச்சு, இப்ப சுவருக்குள்ள இருக்கிறது கொத்தனார் பூசி முடிச்சப்போ அந்தத் தெருவுல வீசுன காத்து. அதுல கார்பன்-14னு ஒரு கதிரியக்கக் கார்பன் கொஞ்சம் இருக்கும், அது 5730 வருஷத்துல பாதியாகும், மிச்சத்த அளந்தா வயசு. எனக்கு இத நினைச்சாலே சிலிர்க்கும். ஒரே சிக்கல், சரியா வேகாத சுண்ணாம்புக்கல் பொடி. அது கோடிக்கணக்கான வருஷம் பழசு, கார்பன்-14 துளியும் இருக்காது, கலந்துட்டா வயசு ஏறிப்போகும். பின்லாந்தோட ஓலாந்து தீவுகள்ல பழைய கல் சர்ச்சுகளோட காரைய ஆராய்ஞ்சவங்க இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க: பொடிச்ச காரை மேல ஆசிட் விட்டா காத்துல இறுகுன நுண்ணிய சுண்ணாம்பு சட்டுனு கரையும், பழைய கல் மெதுவாத்தான் கரையும், அதனால முதல்ல பொங்குற வாயுவ தனியா பிடிச்சு அளப்பாங்க.

ஆனா உங்க வீடு நூறு, நூத்தம்பது வருஷம்னா இது கை கொடுக்காது. கடைசி முந்நூறு வருஷத்துல காத்துல கார்பன்-14 ஏறி எறங்கிட்டே இருந்துச்சு, ஒரே அளவுக்கு ரெண்டு மூணு வயசு வரும். உங்களுக்கு வேற பொக்கிஷம் இருக்கு. துண்ட பிசின்ல பதிச்சு, குறுக்க வெட்டி, தேய்ச்சு மைக்ரோஸ்கோப்ல வச்சா பொங்கலுக்குப் பொங்கல் அடிச்ச வெள்ளை ஒன்னுமேல ஒன்னா மெல்லிசா அடுக்கி இருக்கும், நடுவுல நீலம் கலந்து அடிச்சது லேசா நீலக்கோடா தெரியும், அடுப்படிச் சுவர்னா புகைக்கரி கறுப்புக்கோடா நிக்கும்.

காரைல கலந்த கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளக்கரு, இதெல்லாம் முன்னோர் ரகசியம்னு வாட்ஸப்ல சுத்துது. எனக்கு இதுல கோவமே வரும், ஏன்னா ரகசியம்னு சொல்லி கும்பிட வேண்டியதில்ல, எந்தச் சுவர்ல என்ன கலந்தாங்கன்னு லேப்ல தேடிப் பாக்கலாம், ஆனா சாம்பிள் இருந்தாத்தானே? புதுப்பிக்கிறோம்னு பழைய காரைய கொத்தி லாரில ஏத்திட்டு சிமென்ட் பூசுறாங்க, அது ஈரத்த வெளிய விடாம உப்ப உள்ளயே தேக்கி பழைய செங்கல்ல பொரிஞ்சு உதிர வைக்குது. கொட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவர்லயும் ஒரு கைப்பிடி எடுத்து வைக்க ஒரு அலமாரிக்குக் கூட காசு ஒதுக்க மாட்டேங்குறாங்க.

நீங்க செய்ய வேண்டியது: கழுவாதீங்க, ஃபெவிகால் தொடாதீங்க. நிழல்ல காயவச்சு, பக்கத்துல ஸ்கேல் வச்சு ஃபோட்டோ எடுத்து, தனித்தனி டப்பாவுல போடுங்க. ஈரத்தோட பிளாஸ்டிக்ல கட்டுனா பூஞ்சை பிடிக்கும். எந்த அறை, எந்தப் பக்கச் சுவர், தரையிலேருந்து எத்தன அடி, எந்தப் பக்கம் வெளிப்புறம், எடுத்த தேதி எல்லாம் பென்சில்ல எழுதி உள்ள போடுங்க, பேனா மை ஊறிப்போயிடும். மூணுல எது அடுப்படியோடதுன்னு இப்ப ஞாபகம் இருக்கும், இன்னைக்கு ராத்திரியே எழுதிடுங்க.