மைனஸை எடுக்காதீர்கள், தூரத்தை அளந்து பாருங்கள்

மட்டு மதிப்பு என்றதும் பலருக்கு ஒரே ஒரு விதிதான் நினைவுக்கு வரும்: இரண்டு நிமிர்ந்த கோடுகளுக்குள் மைனஸ் இருந்தால் எடுத்துவிடு. |−7| என்றால் 7. விடை சரிதான். ஆனால் உள்ளே தெரியாத எண் ஒன்று வந்துவிட்டால் இந்த விதி காலை வாரிவிடும். தெரியாத எண்ணை □ என்று வைத்துக்கொள்வோம். |−□| எவ்வளவு? மைனஸை எடுத்துவிட்டு □ என்று எழுதத்தான் கை போகும். கட்டத்துக்குள் −4 இருந்தால்? சரியான விடை 4. நாம் எழுதியதோ −4.

அந்த இரண்டு கோடுகள் உண்மையில் கேட்பது வேறு கேள்வி: பூச்சியத்திலிருந்து எவ்வளவு தூரம்? எண்கோட்டில் 7 வலப்பக்கம் ஏழு படி தள்ளி இருக்கிறது, −7 இடப்பக்கம் ஏழு படி தள்ளி இருக்கிறது. எந்தப் பக்கம் என்பதைக் குறி சொல்லும். எவ்வளவு தள்ளி என்பதை மட்டு மதிப்பு சொல்லும். தூரம் ஒருநாளும் குறை எண்ணாக வராது.

1685-இல் இங்கிலாந்துக் கணிதவியலாளர் ஜான் வாலிஸ் குறை எண்களை விளக்க ஒரு மனிதரை நடக்கவிட்டார். அவர் 5 கஜம் முன்னால் போகிறார், அங்கிருந்து 8 கஜம் பின்னால் வருகிறார். புறப்பட்ட இடத்திலிருந்து பார்த்தால் −3 கஜம் முன்னேறியிருக்கிறார். ஆனாலும் அவர் நிற்பது நிஜமான ஓர் இடம். புறப்பட்ட இடத்துக்கும் அதற்கும் 3 கஜம். |−3| என்பது அந்த 3 கஜம்தான். நிமிர்ந்த கோடுகள் வந்தது வெகுகாலம் கழித்து, 1841-இல், ஜெர்மானியரான கார்ல் வையர்ஸ்ட்ராஸின் கையால்.

அண்ணன் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கக் கூடத்து டைல்ஸே எனக்குப் போதுமாக இருந்தது. நடுவில் ஒரு டைலில் சாக்பீஸால் 0 போட்டு, வலப்பக்கம் 1, 2, 3 என்றும் இடப்பக்கம் −1, −2, −3 என்றும் எழுதினோம். கேள்வி |□ − 3| = 5. கழித்தல் இருந்தால், பூச்சியத்திலிருந்து அல்ல, 3-இலிருந்து □ எவ்வளவு தூரம் என்று பொருள். "3-இல் நின்றுகொண்டு ஐந்து டைல் நட" என்றேன். வலப்பக்கம் நடந்து 8-இல் நின்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சித்தப்பா, அந்தப் பக்கமும் போகலாமே?" என்றாள். திரும்பி வந்து இடப்பக்கம் நடந்ததில் −2 கிடைத்தது. விடை ஏன் இரண்டு என்று அப்புறம் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

அடுத்து |□ + 2| = 3. நேராகப் போய் 2-இல் நின்றாள். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. எங்கே நின்றால் தூரம் பூச்சியமாகும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கட்டத்துக்குள் −2 போட்டால்தான் கூட்டல் பூச்சியமாகிறது. ஆகவே நிற்க வேண்டியது −2-இல். அங்கிருந்து வலப்பக்கம் மூன்று டைல் நடந்தால் 1, இடப்பக்கம் நடந்தால் −5.

லேத் பட்டறையிலும் இதே கணக்குதான். 25 மில்லிமீட்டர் தண்டில் 0.02 வரை கூடலாம், குறையலாம் என்றால், 25-இலிருந்து தூரம் 0.02-ஐத் தாண்டக் கூடாது என்று பொருள்.

எனக்கு மிகப் பிடித்தது தெருக்குழாய்க் கணக்கு. நேரான தெருவில் 1, 4, 10 ஆகிய இடங்களில் மூன்று வீடுகள். மூவரும் நடக்கும் மொத்தத் தூரம் குறைய வேண்டுமானால் குழாயை எங்கே போடுவது? சராசரி 5. அங்கே போட்டால் 4 + 1 + 5, மொத்தம் 10. நாலாம் இடத்தில் போட்டால் 3 + 0 + 6, மொத்தம் 9. நாலிலிருந்து குழாயை ஒரு படி வலப்பக்கம் நகர்த்திப் பாருங்கள்: ஒரு வீட்டுக்கு ஒரு படி மிச்சம், இரண்டு வீடுகளுக்கு ஒரு படி கூடுதல். இடப்பக்கம் நகர்த்தினாலும் அதே நஷ்டம். ஆக, தூரங்களின் கூட்டலைக் குறைப்பது சராசரி அல்ல, வரிசையில் நடுவே நிற்கும் எண். புள்ளியியலில் அதற்கு இடைநிலை அளவு என்று பெயர்.

கடைசி வீடு 10-இல் இல்லாமல் 100-இல் இருந்தால்? சராசரி 35-க்குத் தாவிவிடும். அங்கே குழாய் போட்டால் மொத்தம் 130. நாலாம் இடத்திலோ 99. குழாய் நகரவே வேண்டாம். ஆனால் அந்தக் கடைசி வீட்டுக்காரர் 96 படி நடக்க வேண்டும். மொத்தத்தை விட்டுவிட்டு, மிக அதிகமாக நடப்பவரின் தூரம் முடிந்தவரை குறைய வேண்டும் என்று கேட்டால் குழாய் 1-க்கும் 100-க்கும் சரிபாதியில், 50.5-இல் வந்து நிற்கும்.