உங்கள் பிள்ளையின் அவதாரத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

திருப்பூரிலிருந்து ஓர் அம்மா தன் பன்னிரண்டு வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவர் சவூதியில். "நைட்டு ஒரு மணிக்கு எந்திரிச்சுப் பார்த்தா போர்வைக்குள்ள வெளிச்சம் தெரியுதுங்க மேடம். போனைப் பிடுங்கினா சோறு தண்ணியில்லாமக் கெடக்கறான்" என்றார். என்ன விளையாடுகிறான் என்று கேட்டேன். "என்னமோ பொம்மை கேமுங்க."

பையன் தலை நிமிரவே இல்லை. "அதுல உன் கேரக்டர் எப்படி இருக்கும்? எனக்குக் காட்டுறியா?" என்று கேட்டதும்தான் முகத்தைப் பார்த்தான். அம்மாவின் போனை வாங்கி ரோப்லாக்ஸ் என்ற இணைய விளையாட்டுத் தளத்தைத் திறந்தான். அங்கே நமக்குப் பதிலாக நடமாடும் உருவத்தைத்தான் அவதாரம் என்பார்கள். இந்த வயதுப் பையன்கள் பெரும்பாலும் கறுப்பு உடை, முதுகில் வாள், கண்ணில் நெருப்பு என்று ஒரு வீரனைத்தான் காட்டுவார்கள். இவன் காட்டியது ஒரு கைக்குழந்தை. தலையில் குல்லா, குட்டிக் கைகால்கள். புரூக்ஹேவன் என்று அதற்குள் ஓர் ஊர் இருக்கிறது. வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. ஆளாளுக்கு ஒரு வேடம் எடுத்துக்கொண்டு குடும்பம் நடத்தலாம்.

"நடுத்தெருவுல போய் நிப்பேன் மேடம். யாராவது வந்து, எங்க வீட்டுக்கு வர்றியான்னு கேப்பாங்க. தூக்கிட்டுப் போய் சாப்பாடு குடுப்பாங்க. தூங்க வெப்பாங்க."

அம்மா அன்றைக்கு அதற்கப்புறம் எதுவும் பேசவில்லை.

கோவையில் பதினோரு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். இங்கே நான் சொல்லும் பிள்ளைகள் யாரென்று தெரியாதபடி ஊர், வயது, குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெற்றோர் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விடலாம்?" தூக்கம் கெடுகிறது என்றால் நேரத்தைக் குறைக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சித்தி மகளோடு சேர்ந்து இரண்டு மணி நேரம் வீடு கட்டும் பிள்ளையும், முகம் தெரியாத ஒருவரிடம் இருபது நிமிடம் பேசும் பிள்ளையும் ஒன்றல்ல. கடிகாரம் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அங்கே நீ யார், உன்கூட யார் இருக்கிறார்கள் என்ற இரண்டையும் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.

கூடு விட்டுக் கூடு பாய்தல் நமக்குப் புதிதல்ல. மூலன் என்ற இடையன் இறந்து கிடக்க, அவனைச் சுற்றி மாடுகள் கண்ணீர் விட்டதைப் பார்த்த யோகி ஒருவர், தன் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுந்தார். அவரே திருமூலர் ஆனார் என்ற கதை நமக்குத் தெரியும். மாடுகளை வீட்டில் சேர்த்தபின் மூலனின் மனைவி அவரைக் கணவன் என்றே நம்பி அழைக்கிறாள். அவர் மறுக்க, ஊரே கூடுகிறது. திரும்பிப் போய்ப் பார்த்தால் பழைய உடல் வைத்த இடத்தில் இல்லை. ஓர் உடலுக்குள் புகுந்தால் அந்த உடலுக்குரிய உறவுகளும் வந்து கையைப் பிடிக்கும். இணைய உலகத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

கணினி இந்த வித்தையைக் கையிலெடுத்து நாற்பது வருடம் ஆகப்போகிறது. 1986இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனம் கொமடோர் 64 கணினிக்காகச் சோதனை ஓட்டம் விட்ட ஹாபிடாட் என்ற இணைய விளையாட்டு உலகத்தில்தான், திரையில் நடமாடும் ஆளுக்கு அவதார் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. அங்கே புழங்கிய டோக்கன் காசைக் கொடுத்தால் பழைய தலையைக் கழற்றிவிட்டு வேறு தலை மாட்டிக்கொள்ளலாம். 2003இல் லிண்டன் லேப் நிறுவனம் தொடங்கிய செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்தில் தோல், முடி, உடை என எல்லாவற்றையும் அங்கே வாழ்கிறவர்களே செய்து ஒருவருக்கொருவர் விற்றார்கள். அது பெரும்பாலும் பெரியவர்களின் உலகமாகவே இருந்தது. 2006இல் வந்த ரோப்லாக்ஸ் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் இருக்கிறது.

தேர்ந்தெடுக்கும் உருவம் ஆளையும் மாற்றுகிறது. ஸ்டான்ஃபோர்டில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அழகான அவதாரம் கிடைத்தவர்கள் அந்நியரிடம் இன்னும் நெருங்கிப் போய் நின்றார்கள், தங்களைப் பற்றி அதிகம் சொன்னார்கள். உயரமான அவதாரம் கிடைத்தவர்கள் பணத்தைப் பங்கு போடும் பேரத்தில் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். அந்த உருவம் அவர்கள் கேட்டு வாங்கியதுகூட இல்லை, ஆய்வாளர்கள் கொடுத்தது. தானே மணிக்கணக்கில் உட்கார்ந்து முடியும் கண்ணும் பொருத்திய உருவம் ஒரு பிள்ளையை எவ்வளவு இழுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளியில் வாய் திறக்காத பிள்ளை அங்கே கூட்டத்துக்குத் தலைவியாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது பொய் முகம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குள் இருந்த ஒன்றுக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது.

இதில் நல்லதே இல்லை என்று நினைப்பவர்களுக்கு நான் மாட்ஸ் ஸ்டீனைப் பற்றிச் சொல்வதுண்டு. நார்வேக்காரர். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் டுஷேன் நோய் அவருக்கு. சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் இபெலின் என்ற பெயரில் ஓடினார், குதிரை ஏறினார், நண்பர்கள் சேர்த்தார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து முடித்துவிட்டான் என்றுதான் பெற்றோர் நினைத்தார்கள். 2014 நவம்பரில் 25 வயதில் அவர் இறந்ததும், மகனுடைய வலைப்பூவில் செய்தியை எழுதித் தங்கள் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தார்கள். கூட விளையாடிய நண்பர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. மகன் எப்படித் தங்களைத் தேற்றினான், ஓர் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே இருந்த விரிசலை எப்படிச் சரிசெய்தான் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். வேறு நாடுகளிலிருந்து சிலர் கிளம்பி இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். மகனுக்கு இத்தனை பேர் இருந்தது அவன் போன பிறகுதான் பெற்றோருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் எனக்கு மனதைப் பிசைவது இந்த இடம்தான்.

சரி, அடுத்து காசு. புதிதாகக் கணக்கு தொடங்குகிறவர்களுக்கு ரோப்லாக்ஸ் கொடுத்த முடிகளில் ஒன்று வறுத்த பன்றி இறைச்சித் துண்டுபோல இருக்கும். அதை மாற்றாமல் வருகிற பிள்ளைக்கு "பேக்கன்" என்று பட்டம். ரோபக்ஸ் என்ற ரோப்லாக்ஸ் காசை வாங்க வழியில்லாதவன் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். தீபாவளியன்று புதுத்துணி இல்லாமல் தெருவில் இறங்கும் பிள்ளையின் நிலைமைதான். பாட்டியின் போனிலிருந்து யாருக்கும் தெரியாமல் பணம் அனுப்பிய பத்து வயதுப் பையனைத் திருடன் என்று திட்டித்தான் என்னிடம் அழைத்து வந்தார்கள். அவனைப் பேக்கன் என்று கூப்பிட்டது அவனுடைய வகுப்புத் தோழர்கள். ஆத்திரத்தில் இருக்கும் இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் "இலவச ரோபக்ஸ்" விளம்பரங்கள் வளைக்கின்றன. பாஸ்வேர்டோ ஓடிபியோ கேட்கிற எதுவும் மோசடிதான் என்று ஒருமுறை அல்ல, பலமுறை சொல்லி வையுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. வேறொரு விளையாட்டு உலகத்தில் வெள்ளி நிறக் கூந்தலோடு ஓர் உருவம் வைத்திருந்தாள். ஒருவன் வந்து அவள் உடையைப் பாராட்டியிருக்கிறான். சில நாள் கழித்து விலை கூடிய இறக்கை ஒன்றைப் பரிசளித்தான். அப்புறம் இருவரும் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு சுற்றினார்கள், மேட்சிங் என்பார்கள். பிறகு, இங்கே பேச முடியவில்லை, இன்னொரு ஆப்புக்கு வா என்றான். இரண்டு மாதம் ஆனது. ஒரு நாள் கேட்டான்: "நிஜத்துல நீ எப்படி இருப்ப?"

இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள். வெவ்வேறு பிள்ளைகள், வெவ்வேறு விளையாட்டுகள், ஆனால் கிட்டத்தட்ட இதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். அதுவரைக்கும் அவதாரத்தோடு இருந்த பேச்சு, அந்த நொடியில் பிள்ளையின் உடம்புக்கு வந்துவிடுகிறது. அவள் முகத்தை அனுப்பினாள். அதற்கு மேலும் கேட்டான், அனுப்பினாள். பிறகு, "உங்க அப்பாவுக்கு அனுப்பட்டுமா?" என்று மிரட்டல். பதினாறு வயது என்று சொல்லிக்கொண்டவன் பதினாறு வயதுக்காரன் இல்லை.

ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா போனைப் புடுங்கிருவாங்க. என் ஐடி போயிரும் மேடம். அதுல என் ஃபிரண்ட்ஸ் எல்லாரும் இருக்காங்க." மிரட்டியவனுக்குப் பயந்ததைவிட, தன் உருவத்தையும் தோழிகளையும் இழந்துவிடுவோம் என்று அவள் அதிகமாகப் பயந்திருக்கிறாள். நாம் கோபத்தில் சொல்கிற "போனை ஒடைச்சுருவேன்" என்ற ஒரு வார்த்தை அவனுக்குக் காவலாக நின்றிருக்கிறது. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், உங்கள் பிள்ளையிடம் இன்றைக்கே இதைச் சொல்லுங்கள்: "அங்க யாராவது தப்பா நடந்தா எங்கிட்ட சொல்லு. உன் ஐடியை நான் அழிக்க மாட்டேன்." சொன்னால் சொன்னபடி நில்லுங்கள்.

"தொட்டது பொம்மையைத்தானே" என்று சமாதானம் சொல்லும் பெற்றோரும் உண்டு. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் என்ற மெய்நிகர் உலகத்தில் தங்கள் அவதாரத்தை மற்றவர்கள் தடவினார்கள் என்று பெண்கள் புகார் சொன்ன பிறகு, 2022 பிப்ரவரியில் அந்த நிறுவனம் அவதாரங்களுக்கு நடுவே ஏறக்குறைய நான்கு அடி இடைவெளி தானாகவே இருக்கும்படி மாற்றியது. பெரியவர்களுக்கே அது தேவைப்பட்டது.

அப்படி ஏதாவது நடந்துவிட்டால் அவசரப்பட்டு எதையும் அழிக்காதீர்கள். அந்த ஆளின் பயனர் பெயர், பேசிய நாள், மிரட்டிய வரிகள் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகு பிளாக் செய்யுங்கள். பிள்ளையின் படங்களை மட்டும் ஆதாரம் என்று சொல்லி மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஃபார்வர்டு செய்யவே கூடாது. அப்படி அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றமாகிவிடும். அவை இருக்கும் போனிலேயே இருக்கட்டும், போலீஸ் பார்த்துக்கொள்ளும். 1098 குழந்தைகள் உதவி எண். 1930 சைபர் குற்ற உதவி எண். தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு நேராகவும் போகலாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது, இணையத்தில் நடப்பதற்கும் பொருந்தும். எனக்குத் தெரியவந்தால் நான் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதும் அந்தச் சட்டம்தான். அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023இல் டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவையை அறிவித்தது. படத்தை யாருக்கும் அனுப்பாமல், அதை அடையாளம் காட்டும் எண் வடிவக் கைரேகையை மட்டும் கொடுத்துப் பல தளங்களில் அது பரவாமல் தடுக்கலாம். அந்த மாணவியின் பயம் பாதி குறைந்தது இதைச் செய்து முடித்த அன்றுதான்.

இன்னொரு விஷயம். 2026 தொடக்கத்திலிருந்து ரோப்லாக்ஸில் பேச வேண்டுமென்றால் கேமராவில் முகத்தைக் காட்டியோ அடையாள அட்டை கொடுத்தோ வயதைச் சரிபார்க்க வேண்டும். ஏறக்குறைய ஒத்த வயதுக்காரர்களோடுதான் பேச விடுவார்கள். பிள்ளை நச்சரிக்கிறான் என்று உங்கள் முகத்தைக் காட்டிவிடாதீர்கள். உங்கள் வயதில் பதிவானால், பத்து வயதுப் பிள்ளையை நீங்களே பெரியவர்கள் கூட்டத்தில் கொண்டுபோய் விட்டதாக ஆகிவிடும்.

திருப்பூர்ப் பையனிடம் திரும்புகிறேன். அவனைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் யாரும் அவனிடம் தவறாக நடக்கவில்லை, அதை உறுதிசெய்துகொண்டேன். அம்மாவுக்கு நான் கொடுத்த வீட்டுப்பாடம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை லீவில் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு கண்ணு" என்று கேளுங்கள்.

அடுத்த முறை வந்தபோது அவர்தான் போனை எடுத்துக் காட்டினார். இலவசமாகக் கிடைத்த பொருள்களிலிருந்தே பொறுக்கி எடுத்த ஒரு நீளப் பாவாடை, பின்னல். சேலை தேடியிருக்கிறான், காசு கேட்டதாம். தோல் நிறத்துக்கு மட்டும் அரை மணி நேரம் ஆயிற்று என்றார். "கையை நீட்டும்மான்னு சொல்லி, என் கைக்குப் பக்கத்துல போனை வெச்சு வெச்சுப் பார்த்தானுங்க."