ஓட்டிசத்தை ‘மன இறுக்கம்’ ஆக்கியவர் யார்?

திருகோணமலையில் பெற்றோருக்காக நடந்த ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தேன். திரையில் பெரிய எழுத்தில் தலைப்பு விழுந்தது: ‘உங்கள் பிள்ளைக்கு மன இறுக்கமா?’ ஓட்டிசத்துக்கு (autism) இந்தச் சொல்லை வைத்திருப்பதைப் பார்ப்பது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். பக்கத்துக் கதிரையில் இருந்த தாய், மடியில் கிடந்த மகனைக் காட்டி மெல்லக் கேட்டார்: “இவனுக்கு என்ன மன இறுக்கம், சேர்? நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டுதானே திரிகிறான்.”

தமிழ் தெரிந்த எவரும் அப்படித்தான் கேட்பார். பரீட்சை நெருங்கினால் மாணவனுக்கு மன இறுக்கம். கடன் ஏறினால் வீட்டுக்காரருக்கு மன இறுக்கம். யோகாசன வகுப்பு விளம்பரம் பத்தே நாளில் போக்கித் தருவதாகச் சொல்வதும் இதே மன இறுக்கத்தைத்தான். கவலையால் வருவது, ஓய்வெடுத்தால் தளர்வது என்பதுதான் அந்தச் சொல்லுக்கு மக்கள் கொடுத்திருக்கும் பொருள். ஓட்டிசமோ மூளை வளரும் விதத்திலேயே தொடக்கம் முதல் இருக்கும் வேறுபாடு. சிரிக்கிற பிள்ளைக்கும் இருக்கலாம், அழுகிற பிள்ளைக்கும் இருக்கலாம்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஓட்டோஸ்’ என்றால் கிரேக்கத்தில் ‘தான்’. நாம் கையைக் காட்டி மறிக்கும் ஓட்டோவிலும் அந்தத் ‘தான்’தான் ஓடுகிறது. சுவிற்சர்லாந்து மனநல மருத்துவர் ஒய்கன் புளொய்லர் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில், மனச்சிதைவு நோயாளர் புறவுலகை விட்டுத் தமக்குள் ஒடுங்குவதைக் குறிக்க இந்தச் சொல்லை ஆக்கினார். 1943இல் அமெரிக்காவில் மனநல மருத்துவர் லியோ கன்னர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் அதை எடுத்து வேறொன்றுக்கு, இன்று நாம் ஓட்டிசம் என்பதற்கு, வைத்தார். அதாவது ஆங்கிலத்திலேயே இது இரவல் சட்டை. பிறகு சட்டை நிலைத்தது, தைத்த அளவு மறந்துபோயிற்று.

இனித் தமிழுக்கு வருகிறேன். ‘மதியிறுக்கம்’ என்பது ‘மன இறுக்க’த்தின் படித்த அண்ணன். இணையத்திலும் தமிழ்நாட்டு ஏடுகளிலும் பரவலாக உலவுகிறது. மதி என்றால் அறிவு. அப்படியானால் அறிவு இறுகிப்போனது என்றாகிறது. ஓட்டிசமுள்ள பிள்ளைகளில் சிலருக்கு அறிவு வளர்ச்சியிலும் பின்னடைவு உண்டு, பலருக்கு அது இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்டுவிட்டு, பிறகு மேடையேறி “ஓட்டிசம் வேறு, அறிவுக் குறைபாடு வேறு” என்று விளக்குவானேன்? இந்தக் குழப்பத்தைப் பெயரிலேயே ஊட்டிவிட்டவர்கள் நாம்தான்.

‘இறுக்கம்’ என்ற பாதியில் இன்னொரு நஞ்சும் இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் நடுவில், தாய் அன்பு காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று மேலைநாட்டு மருத்துவர்களே சொல்லித் திரிந்தார்கள். அந்தத் தாய்மாரைக் குளிர்சாதனப் பெட்டிக்கு ஒப்பிட்டார்கள். ஓட்டிசமுள்ள மகனின் தந்தையான பேர்னாட் றிம்லண்ட் 1964இல் ஒரு நூல் எழுதி அதை மறுத்தார். 1977இல் வந்த இரட்டையர் ஆய்வு, காரணத்தில் பெரும்பங்கு மரபணுவுக்கு என்று காட்டியது. அங்கே செத்துப்போன அந்தப் பழி, இங்கே ‘மன இறுக்கம்’ என்ற சொல்லின் முதுகில் ஏறி வந்துவிட்டது. மனம் இறுகியிருக்கிறது என்றால் இறுக்கியது யார் என்பதுதானே அடுத்த கேள்வி? மாமியார் மருமகளைப் பார்ப்பார். “வயிற்றில் இருக்கும்போது நீ அழுதுகொண்டே இருந்தாய், அதுதான்” என்பார். போரையும் கடற்கோளையும் கண்ட ஊரில், அழாமல் பிள்ளை சுமந்தவர்கள் எத்தனை பேர்?

‘தன்முனைப்புக் குறைபாடு’ என்பவர்கள் உண்டு. சைவப் பிரசங்கம் கேட்டு வளர்ந்த எங்களுக்குத் தன்முனைப்பு என்றால் ஆணவம். அது குறைந்தால் நல்லதுதானே! ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று எழுதுபவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் மாறினால் முதலில் அறிகிற பிள்ளைக்கு இந்தப் பெயரா?

தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘தன்வயம்’ என்றார். கிரேக்க வேருக்குச் சரியாகப் பொருந்துகிறது, காதுக்கும் இனிமை. ஆனால் ‘தன்வயத்தன் ஆதல்’ என்பது குறளின் ‘எண்குணத்தான்’ என்ற சொல்லுக்குப் பரிமேலழகர் அடுக்கும் இறைவன் குணங்களில் முதலாவது. சிவன் கோணேசராக இருக்கும் ஊரில் இருந்துகொண்டு அதை மருத்துவச் சீட்டில் எழுதுவதா என்று கேட்டேன். சிரித்தார், விடவில்லை. என் உண்மையான மறுப்பு வேறு. வேரைப் பெயர்த்தால் புளொய்லரின் பழைய ஊகத்தையும் சேர்த்துப் பெயர்க்கிறோம். பிள்ளை ‘தனக்குள்’ போய்விட்டது என்பது வெளியே நின்று பார்த்தவர் சொன்னது. பிள்ளை சொன்னதில்லை.

நான் தூய்மைக்காரன். ‘சைக்கிள்’ என்று எழுதவே கை கூசும். இந்த ஓரிடத்தில் மட்டும் ‘ஓட்டிசம்’ என்றே எழுதுங்கள் என்கிறேன். இந்தியாவில் ‘ஆட்டிசம்’ என்கிறார்கள், அதிலும் தவறில்லை. பெயருக்குப் பொருள் இல்லாமல் இருப்பது இங்கே நன்மை. தெரியாத சொல்லைக் கேட்டவர் “அது என்ன?” என்று கேட்பார். தெரிந்த சொல்லை வைத்துப் பிழையான பொருள் கொடுத்தால் கேட்கவே மாட்டார்.

தமிழ் தேவைப்படுவது அறிகுறிகளுக்கு. அங்கேதான் மொழிபெயர்ப்பாளர்கள் கைவிடுகிறார்கள். ஒரு துண்டுப்பிரசுரம் ‘சிவப்புக் கொடிகள்’ என்று தொடங்குகிறது; எச்சரிக்கை அறிகுறிகளைச் சொல்கிறார்களாம். எங்கள் ஊரில் சிவப்புக் கொடி என்றால் மே தினம். ‘கண் தொடர்பு பேணாமை’ என்று அடுத்த வரி. தாய்மார் ‘முகம் பார்க்குது’, ‘முகம் பார்க்குதில்லை’ என்று காலங்காலமாகச் சொல்லிவருவது இவர்கள் காதில் விழவில்லை. ஓட்டிசம் ஆளுக்காள் வெவ்வேறு அளவில் இருப்பதைச் சொல்ல வந்த ‘நிறமாலைக் கோளாறு’ என்பதைப் படித்தவர் வானவில்லைத் தேடுவார். அடுத்து ‘இணைந்த கவன ஈர்ப்புக் குறைவு’. பாராளுமன்றத்தில் கொண்டுவரும் பிரேரணை போல இருக்கிறது. அது என்னவென்று சொல்கிறேன்.

பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் திரிவது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். ஒரு மாலை 15 மாதப் பேத்தியையும், அவளைவிட மூன்று மாதம் மூத்த அயல்வீட்டுப் பையனையும் கூட்டிப்போனேன். ஆலமர நிழலில் ஒரு மான் யாரோ எறிந்த லஞ்ச் சீற்றை மென்றுகொண்டிருந்தது. பேத்தி விரலை நீட்டி “மா!” என்றாள். உடனே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி மானைப் பார்த்தாள். ‘தாத்தா, நீயும் பார்க்கிறாயா?’ என்பதே அந்தத் திரும்பல். பையன் தள்ளுவண்டிச் சில்லைக் கையால் சுழற்றி, தலையைச் சாய்த்துக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். பெயரை நாலு தடவை சொன்னேன், திரும்பவில்லை. பிஸ்கட் வேண்டியபோது என் மணிக்கட்டைப் பிடித்துப் பொதியின் மேல் வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கை அவனுக்கு ஒரு கரண்டி.

விரல் நீட்டிக் காட்டி, காட்டியதை மற்றவரும் பார்க்கிறாரா என்று பார்ப்பது. அதுதான் அந்தப் பிரேரணையின் பொருள். ‘உடன்நோக்கு’ என்று நான் எழுதுவேன். இதற்குத் தமிழில் ஒரு பருவமே உண்டு. பிள்ளைத்தமிழில் சப்பாணி கைகொட்டுவது, வாரானை அழைத்தால் வருவது, அம்புலி நிலவைச் சுட்டிக் கூப்பிடுவது. இவற்றுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கில் முழுதும் ஒத்துப்போவதில்லை. பெரும்பாலும் சொல்லப்படுவது முறையே 9, 13, 15. இன்றைய குழந்தை மருத்துவர் கேட்பவையும் இவற்றுக்கு அருகில்தான் நிற்கின்றன: 9 மாதத்தில் பெயர் சொன்னால் திரும்புகிறதா, 12 மாதத்தில் கையசைக்கிறதா, 18 மாதத்தில் விரல் நீட்டிக் காட்டுகிறதா. 16 மாதத்தில் ஒரு சொல்லும் 24 மாதத்தில் தானாகச் சேர்த்த இரண்டு சொல்லும் வரவேண்டும். பேசிய சொற்கள் எந்த வயதில் மறைந்தாலும் காத்திருக்கக் கூடாது. பாட்டியலை வைத்து நோய் பிரிக்கச் சொல்லவில்லை. ஒற்றை அறிகுறியால் எதுவும் முடிவாகாது, செவிப்புலனையும் சோதிக்கவேண்டும். ஆனால் ‘ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும், தகப்பனும் நாலு வயதில்தான் பேசினார்’ என்று ஆறுதல் சொல்லி ஒரு வருடத்தைக் கடத்துவதற்கும் ஓர் அளவுண்டு.

கூட்டத்தில் என் பக்கத்தில் இருந்தவர் அந்தப் பையனின் தாய்தான். கோட்டையிலிருந்து வந்த அன்றே, காது சோதிக்கச் சொல்லித் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “கெட்டிக்காரன் சேர், வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்வான்” என்றார். பையனுக்கு இப்போது மூன்று வயது. நிறை பார்க்கவும் தடுப்பூசிக்கும் போன ஒவ்வொரு தடவையும் ‘மன இறுக்கம்’ என்ற சுவரொட்டியைக் கண்டிருக்கிறார். தன் பிள்ளைக்கு அது இல்லை என்று நிம்மதியாகத் திரும்பியிருக்கிறார்.

கூட்டம் முடிந்ததும் ஏற்பாட்டாளர்கள் புதிய பிரசுரத்தின் படியைத் திருத்தித் தரச் சொன்னார்கள். தலைப்பை வெட்டிவிட்டு ‘உங்கள் பிள்ளை விரல் நீட்டிக் காட்டுகிறதா?’ என்று எழுதிக் கொடுத்தேன். போன கிழமை அச்சாகி வந்தது. என் தலைப்பு அப்படியே இருக்கிறது. அதன் கீழே, அடைப்புக்குறிக்குள், கொட்டை எழுத்தில்: (மன இறுக்கம்).