அன்னிபன்யைத்: வேல்ஸ்காரங்க கேக்குறது சுதந்திரமா, விடுதலையா, தனியரசா?

பிரிட்டனுக்குள்ள இருக்குற வேல்ஸ் பத்தி தமிழ்ல எழுதுறவங்க "வேல்ஸ் விடுதலை"ன்னு ஈஸியா போட்டுடுறாங்க, ஆனா அவங்க மொழியில அதுக்கு இருக்குற வார்த்தை அன்னிபன்யைத். முன்னாடி இருக்குற "அன்" இல்லைங்கறதைச் சொல்லுது, மிச்சம் "டிபன்னி"ங்கிற வினையிலருந்து வருது, அதுக்கு சார்ந்திருக்கிறது, தொங்குறதுன்னு அர்த்தம். "டிபன்"னா மலைச்சரிவு, செங்குத்துப் பள்ளம். ஆக அடுத்தவன் கையைப் புடிச்சு தொங்காம இருக்குறதுதான் மூலப்பொருள்.

சரி எதுல தொங்குறாங்க? 1957ல லிவர்பூல் மாநகராட்சி தன் ஊருக்குத் தண்ணி வேணும்னு ட்ரவெரின் பள்ளத்தாக்குல அணை கட்ட பார்லிமென்ட்ல சட்டம் வாங்குச்சு. வேல்ஸோட 36 எம்பிக்கள்ல ஒருத்தர்கூட ஆதரிச்சு ஓட்டுப் போடல, ஆனாலும் பாஸாயிடுச்சு, 1965ல கப்பெல் கெலின்ங்கிற வேல்ஷ் பேசுற கிராமம் பள்ளிக்கூடம், தபாலாபீஸ், தேவாலயம் எல்லாத்தோடயும் தண்ணிக்குள்ள போச்சு. "ட்ரவெரினை மறக்காதே"ன்னு ரோட்டோர இடிஞ்ச சுவத்துல யாரோ பெயின்ட்ல எழுதினது இன்னைக்கும் இருக்கு, சேதப்படுத்தினா திரும்ப எழுதிடுறாங்க. இப்ப பேசுறது ரயில் கணக்கு: லண்டன்–பர்மிங்காம் அதிவேக ரயில்ல ஒரு அடி தண்டவாளம்கூட வேல்ஸ்ல இல்ல, ஆனா அதை "இங்கிலாந்து, வேல்ஸ்" ரெண்டுக்குமான திட்டம்னு கணக்கு வச்சதால, இங்கிலாந்துல செய்யுற செலவுக்கு ஈடா ஸ்காட்லாந்துக்குக் கிடைச்ச பங்குப் பணம் இவங்களுக்குக் கிடைக்கல. கரண்ட், தண்ணி, காத்து எல்லாம் எங்களுது, முடிவு மட்டும் லண்டன்ல எடுக்குறாங்கன்னு கேக்குறாங்க. செலவுக்கு வரி பத்தாது, லண்டன் காசு இல்லாம ஓடாதுங்கிற எதிர்வாதமும் லேசுப்பட்டது இல்ல. 2024ல வேல்ஸ் அரசு அமைச்ச அரசியலமைப்பு ஆணையம் தனியா போறது நடக்கக்கூடிய வழிதான், ஆனா ஆரம்பத்துல காசு கஷ்டம் இருக்கும்ங்கிற மாதிரிதான் சொல்லிச்சு.

வேடிக்கை என்னன்னா ப்ளைட் கம்ரிங்கிற வேல்ஸ் தேசியவாதக் கட்சி 1925ல ஆரம்பிச்சப்ப இந்த வார்த்தையே வேணாம்னு இருந்துச்சு. அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான சாண்டர்ஸ் லூயிஸ் 1926லயே நாம கேக்குறது அன்னிபன்யைத் இல்ல, ரதித், அதாவது நம்ம பண்பாட்டைக் காப்பாத்துற அளவுக்கான சுதந்திரம்னு சொன்னாரு. அன்னிபன்யைத்தைக் கட்சி குறிக்கோளா வெளிப்படையா ஏத்துக்கிட்டது 2003லதான்.

இப்ப தமிழுக்கு வருவோம். நேரா மொழிபெயர்த்தா "சார்பின்மை", ஆனா அதைக் கேட்டா நமக்கு மதச்சார்பின்மைதான் ஞாபகம் வரும். "தன்னாட்சி" போடவே கூடாது, அது அம்ரெயோலைத், 1997 வாக்கெடுப்புல வெறும் 6,721 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சு கார்டிஃப்ல சட்டமன்றமா வந்துடுச்சே, இப்ப அதுக்குப் பேரு செனெத். "விடுதலை"ன்னா யாரோ புடிச்சு வச்சு விடுற மாதிரி இருக்கு. "தனிநாடு"ம் பொருந்தாது, கம்ரி (வேல்ஸுக்கு வேல்ஷ் மொழியில பேரு) ஏற்கனவே நாடுதான்னு அவங்க சொல்றாங்க, இல்லாதது முழு அரசு. அதனால என் ஓட்டு "தனியரசு"க்கு.

ஒண்ணு, அங்க ஏதாவது பழைய தேவாலயப் பலகையில "அன்னிபன்விர்"னு பாத்தீங்கன்னா போராட்டக்காரங்கன்னு நினைச்சுடாதீங்க, பிஷப் அதிகாரத்துக்குக் கட்டுப்படாத ஒரு பழைய கிறிஸ்தவப் பிரிவு அது.