ஒரு கிளிக்னா ஒரு போட்டான்னு நெனச்சிடாதீங்க

சூப்பர்கண்டக்டிங் நானோவயர் டிடெக்டரை (போட்டான்னு சொல்ற ஒளித்துகளை மெல்லிசான கம்பி வச்சுக் கண்டுபிடிக்கிற கருவி, போட்டான் பட்டா அது தர்ற சிக்னல்தான் கிளிக்) முதல் தடவையா கையில எடுக்குற ஸ்டூடண்ட்ஸ் எல்லாருக்கும் நான் மொதல்ல சொல்றது இதான். ஒரு கிளிக் வந்தா ஒரு போட்டானாவது பட்டிருக்கும்னு சொல்லலாம் (ஒளியே படாம வர்ற பொய் கிளிக்கான டார்க் கவுண்ட்டை விட்டுடுங்க), ஆனா எத்தனை பட்டுச்சுன்னு அந்த கிளிக்குக்குத் தெரியாது.

ஏன்னு பாருங்க. சுமார் 100 நானோமீட்டர் அகலம், 5 நானோமீட்டர் தடிமன்ல நையோபியம் நைட்ரைடு கம்பி, அதை 2-3 கெல்வின்ல வச்சு அது தாங்குற கரண்ட்டுக்குக் கொஞ்சம் கீழ ஓட விடுறோம், போட்டான் பட்ட எடத்துல சூப்பர்கண்டக்டிவிட்டி (ரெசிஸ்டன்ஸே இல்லாம கரண்ட் ஓடுற நிலை) போயி சில கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துடும், கரண்ட் 50 ஓம் ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பிடும், அதுதான் நமக்குத் தெரியுற பல்ஸ். ரெண்டு போட்டான் ரெண்டு எடத்துல பட்டா ரெசிஸ்டன்ஸ் டபுள் ஆகும், சரி, ஆனா ஒண்ணு பட்டப்பவே கரண்ட் கிட்டத்தட்ட மொத்தமா திரும்பியாச்சே, அதனால பல்ஸோட உயரம் அப்படியேதான் இருக்கும்.

மாறுறது பல்ஸ் ஏறுற வேகம். ரெசிஸ்டன்ஸ் கூடினா வேகமா ஏறும். சாதாரண டிடெக்டர்லயே இதை வச்சு எண்ணலாம்னு 2017ல டியூக் யுனிவர்சிட்டி ஆளுங்க காட்டுனாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அது. ஆனா இதுல கவனிக்க வேண்டியது நெறைய. லேசர் பல்ஸ் சில பத்து பிக்கோ செகண்டுக்குள்ள இருக்கணும், நீளமான பல்ஸ்னா போட்டான் முன்ன பின்ன வந்து கணக்கே கலங்கிடும். ஆம்ப்ளிஃபயர் நாய்ஸும் ரொம்பக் கம்மியா வேணும். அப்புறம் ஏறுற நேரத்துல ஒரு போட்டானுக்கும் ரெண்டுக்கும் இருக்குற இடைவெளி மூணுக்கும் நாலுக்கும் இருக்காது, எந்த நேரத்துல எத்தனை பல்ஸ் ஏறுச்சுன்னு போடுற ஹிஸ்டோகிராம்ல போட்டான் எண்ணிக்கை கூடக் கூட மேடுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். "நாலு வரைக்கும் பிரிக்கும்"னு யாராவது சொன்னா அந்த ஹிஸ்டோகிராமைக் காட்டுங்கன்னு கேளுங்க.

டிடெக்டரைப் பல பிக்ஸலா (தனித்தனியா கிளிக் தர்ற துண்டுகளா) பிரிச்சு, எத்தனை பிக்ஸல் கிளிக் ஆச்சுன்னு எண்ணுறதும் உண்டு. 4 பிக்ஸல்ல 4 போட்டான் சமமா பரவி விழுந்தாலும் நாலும் தனித்தனி பிக்ஸல்ல விழ வாய்ப்பு 9 சதவீத சொச்சம்தான்! பிக்ஸல் எண்ணிக்கை எண்ண வேண்டிய போட்டானை விட பல மடங்கு இருக்கணும்.

எஃபிஷியன்சியையும் (வர்ற போட்டான்ல எத்தனை சதவீதம் பதிவாகுதுங்கறது) லேசா எடுத்துக்காதீங்க. 80 சதவீதம்னு கேட்டா நல்லாத்தான் இருக்கும், ஆனா நாலு போட்டானும் மாட்டுற வாய்ப்பு 41 சதவீதம்தான், 98 சதவீதம்னா 92. அதனால டிடெக்டர் "ரெண்டு"ன்னு சொன்னா ரெண்டோ அதுக்கு மேலயோன்னுதான் எடுத்துக்கணும். போட்டான் ஜோடி சோர்ஸ்ல ஒரு போட்டானைப் பாத்து "இன்னொண்ணு வருது"ன்னு அறிவிக்கிறவங்களுக்கு இது பெரிய தலைவலி, ரெண்டு ஜோடி வந்ததை ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டா அதுக்கப்புறம் செய்யுற கணக்கெல்லாம் தப்பாயிடும்.

எண்ணுறது சரியான்னு செக் பண்ண, லேசரை அட்டென்யுவேட் பண்ணி (ஒளியைக் கம்மி பண்ணி) டிடெக்டர்ல ஒரு லேசர் பல்ஸுக்குப் பதிவாகுற போட்டான் சராசரி 1னு வைங்க. பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு, மூணுக்கு முறையே 37, 37, 18, 6 சதவீதம் பக்கம் வரணும். வந்தா எண்ணுறது சரி. ஆனா எஃபிஷியன்சி பாதியா இருந்தாலும் லேசர் ஒளிக்கு பாய்சான் வடிவம் (சராசரி ஒண்ணை மட்டும் வச்சே முடிவாகுற இந்த சதவீதப் பரவல்) மாறாது, அதனால இந்த டெஸ்ட்டை வச்சு எஃபிஷியன்சியைச் சொல்லிடாதீங்க, அதை அளக்க கேலிபரேட் பண்ண பவர் மீட்டர் தனியா வேணும்.