டூம் மெட்டல்: அழிவா, ஊழா?

டூம் மெட்டல் என்பது மெதுவாக நகரும், கனத்த ஒலி கொண்ட ஒரு மெட்டல் இசை வகை. அதற்குத் தமிழில் ‘அழிவு உலோகம்’ என்ற சொல் இந்த மாதம் மூன்றாவது முறையாக எதிர்ப்பட்டுவிட்டது. முதல் இரண்டு முறை ஏதோ மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் படித்தேன், பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது முறை கோவை கணபதி பகுதியில் என் லேத் பட்டறைக்குள்ளேயே வந்துவிட்டது. வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்த தம்பி ஒருவன், “அண்ணா, அந்த அழிவு உலோகப் பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள்” என்றான். நான் திரும்பிப் பார்த்தது ஸ்பீக்கரை அல்ல, மூலையில் குவிந்து கிடந்த இரும்புச் சுருள்களை. கோவையில் அழிந்த உலோகத்துக்குக் கிலோ கணக்கில் விலை உண்டு.

டூம் பழைய ஆங்கிலத்தில் ‘டோம்’. தீர்ப்பு, சட்டம், ஆணை என்று பொருள். வை, நிறுத்து என்ற வேரில் பிறந்தது. அதாவது வைத்தது, வகுத்தது. இங்கிலாந்தில் 1086-இல் எடுத்த நிலக்கணக்குக்கு டூம்ஸ்டே புத்தகம் என்ற பெயர் நிலைத்தது, அதில் எழுதியதற்கு மேல்முறையீடு கிடையாது என்பதால். இடைக்காலத் தேவாலயச் சுவர்களில் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியத்துக்கும் அங்கே டூம் என்றே பெயர். கேடு, நாசம் என்ற பொருளெல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை. நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்ததும் கையில் பிடித்தது அந்த ஒட்டலைத்தான்.

அழிவு ஏன் பொருந்தாது? ஜெர்மனியில் டிஸ்ட்ரக்‌ஷன் என்றே ஓர் இசைக்குழு இருக்கிறது. 1982-இல் தொடங்கியது, திராஷ் என்ற மெட்டல் வகை, பேய் வேகம். அழிவு என்ற சொல்லை டூமுக்குக் கொடுத்துவிட்டால் இவர்களுக்கு என்ன கொடுப்பது? அழிவு நடந்து முடிகிற காரியம். சட்டென்று நடக்கலாம், குண்டு விழுந்தால் போதும். டூம் அப்படியல்ல. முடிவு முன்பே தெரியும், அது வந்து சேரும் நடைதான் பாட்டு. கொங்கு நாட்டுக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அண்ணமார் கதையில் பொன்னருக்கும் சங்கருக்கும் பதினாறு வயதுதான் ஆயுள் என்பது அவர்கள் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது. கேட்க வந்த கிழவிக்கும் தெரியும், மடியில் தூங்கும் பேரனுக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உடுக்கை அடிக்கிறார்கள், படுகளம் வரை ஒருவரும் எழுந்து போவதில்லை. இதை ‘அழிவுக் கதை’ என்று யாராவது சொல்வார்களா?

டூம் பாட்டுக்காரர்களே சாட்சி சொல்கிறார்கள். சிகாகோவின் டிரபிள் குழு 1984-இல் கொண்டுவந்த முதல் ஆல்பம் இன்று ‘சங்கீதம் 9’ என்ற பெயரில் அறியப்படுகிறது. விவிலியத்தில் அந்த ஒன்பதாம் சங்கீதம் பேசுவது தீர்ப்புக்காக ஆயத்தமான சிங்காசனத்தைப் பற்றி. சுவீடனின் கேண்டில்மாஸ் 1986-இல் ‘எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ்’ என்று போலி லத்தீனில் இந்த வகையின் பெயரையே தலைப்பாக்கியது. எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் இந்த இரண்டில் எது மேல் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. (டிரபிள்தான் மேல்.)

உலோகம் இன்னும் மோசம். ஜாஸை யாரும் மொழிபெயர்ப்பதில்லை, மெட்டலை மட்டும் பிடித்து உருக்குகிறார்கள். ஹெவி மெட்டலை ‘கன உலோகம்’ என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவு வருவது நொய்யலில் கலந்த சாயக்கழிவு. உலோகத்துக்கும் இந்த இசைக்கும் உண்மையிலேயே ஓர் உறவு உண்டு, அது வேறு இடத்தில். ‘பிளாக் சாபத்’ இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி பதினேழு வயதில் பர்மிங்காமில் தகடு வேலை செய்யும்போது இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். 1971-இல் வந்த குழுவின் மூன்றாவது ஆல்பத்தில் கிட்டாரின் தந்திகளைத் தளர்த்தி, சுருதியை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். விரலுக்கு இதம், ஒலிக்குக் கனம். இதை நான் பட்டறையில் சொன்னபோது பிரஸ் ஓட்டும் பையன் தன் கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

பழைய பாணி டூமுக்குச் சொல்லும் ‘பாரம்பரிய டூம்’ என்பதும் வேண்டாம். காங்கேயம் சாலையில் போனால் பாரம்பரியம் என்ற சொல் மரச்செக்கு எண்ணெய்ப் பலகையில்தான் தொங்குகிறது. மரபு டூம் என்றால் போதும். ‘மந்தமான இசை’ என்று எழுதுகிறவரை என்ன செய்வது? மந்தம் வயிற்றுக்கு வருவது. மெதுவான தாளத்துக்கு விளம்பம் என்ற சொல் கர்நாடக இசையில் எத்தனையோ காலமாக இருக்கிறது.

சரி, டூமுக்கு என்ன சொல்? விதி என்பார்கள். நியாயமாகச் சொன்னால் வேர் பார்க்கும்போது அதுதான் பங்காளி: வடமொழி விதியில் இருக்கும் ‘தா’ வேரும் டூமின் வேரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அது வடசொல் என்பது ஒன்று. தமிழில் அது தேய்ந்துபோனது என்பது பெரிது. விதி மெட்டல் என்றால் ஹெல்மெட் போடச் சொல்லும் பாட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். ஊழி என்று ஒரு நண்பர் சொன்னார். அது உலகமே முடிகிற காலம், இங்கே பெரும்பாலும் முடிவது ஒரு மனிதன்.

ஊழ்தான் சரி. முறை என்பதும் அதன் பொருள், விதித்தது என்பதும் அதன் பொருள். டூமின் பழைய இரட்டைப் பொருள் அப்படியே இருக்கிறது. குறளில் 38-ஆம் அதிகாரமே அதற்கு. நாம் வேறொன்றை எண்ணித் திட்டமிட்டாலும் தான் முந்தி வந்து நிற்கும் என்கிறது அதன் கடைசிக் குறள். ஊழ்த்தல் என்றால் முதிர்ந்து உதிர்தல் என்றும் பொருள் உண்டு. மெதுவாக முதிர்ந்து விழுகிற இந்த இசைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆகவே ஊழ் மெட்டல். பேச்சில் டூம் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

தம்பியிடம் இவ்வளவையும் சொல்லி, பட்டறை பென்டிரைவில் இருக்கும் பாடல் கோப்புறைக்குப் புதுப் பெயர் வைக்கச் சொன்னேன். தட்டச்சு செய்து காட்டினான். செயலி தானாகவே திருத்தி ‘ஊழல் மெட்டல்’ என்று வைத்திருந்தது.