ட்யூப் லைட்டில் சேர்ந்த ஷேடு வெயிலில் பிரிவது ஏன்?

திருப்பூர் சாயப்பட்டறைகளில் அடிக்கடி எழும் தகராறு இது: உள்ளே ட்யூப் லைட்டில் பார்த்தால் பனியன் துணியும் காலர் ரிப்பும் (காலருக்கு வைக்கும் வரிப் பின்னல் துணி) ஒரே நீலம், வாசலுக்குக் கொண்டுவந்தால் ரிப்பில் சிவப்பு அடிக்கிறது. அதற்குள் சாயம் மாறியிருக்க வழியில்லை, பார்த்தவர் கண்ணிலும் கோளாறில்லை. ஒரு பொருளின் நிறம் மனதுக்குப் போய்ச் சேரும் வழியில்தான் காரணம் இருக்கிறது.

துணியில் பட்டுத் திரும்பும் ஒளியில் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்கள் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும். பகல் வெளிச்சத்தில் அதை வாங்கும், விழித்திரையிலுள்ள கூம்பு செல்கள் மூன்றே வகை. அவற்றின் உணர்திறன் உச்சம் ஏறக்குறைய 420, 530, 560 நானோமீட்டரில். எவ்வளவு ஒளி பிடித்தது என்பதை மட்டுமே ஒரு கூம்பு தெரிவிக்கும். எந்த அலைநீளம் என்பது அங்கேயே தொலைந்துபோகும். அத்தனை விவரமும் மூன்று அளவுகளாகச் சுருங்குகிறது. விழித்திரையே அவற்றை ஒப்பிட்டு, சிவப்பா பச்சையா, நீலமா மஞ்சளா, வெளிச்சமா இருட்டா என்ற வித்தியாசங்களாக மாற்றி, சுமார் 10 லட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பில் அனுப்புகிறது. மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் வழியாகப் பின்மண்டைப் புறணிக்கு (மூளையின் பின்பக்க மேலடுக்கு) போவது இந்த வித்தியாசங்கள்தான்.

பருத்திக்கு ரியாக்டிவ் சாயம், பாலியெஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம். கலப்பு நூல் ரிப்பில் இரண்டும் இருப்பதால், அது திருப்பும் ஒளி பருத்தித் துணி திருப்புவதைப்போல் இருக்காது. ட்யூப் லைட்டில் மூன்று அளவுகளும் தற்செயலாக ஒத்துப்போனால், மூளைக்கு இரண்டும் ஒரே நிறம்தான். வெயிலின் ஒளிக்கலவை வேறு. அங்கே அளவுகள் பிரிந்துவிடும். இதுதான் மெட்டாமெரிசம்.

மூளை சும்மா இருப்பதில்லை. சுற்றுப்புறத்தைப் பார்த்து விளக்கின் சாயலைக் கழித்துவிடும். அதனால்தான் வெள்ளை பனியன் எங்கேயும் வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் அந்தத் திருத்தம் காட்சி முழுவதற்கும் பொதுவானது, இரண்டு துணிகளுக்கு நடுவே விழுந்த பிளவை அது மூடாது. பக்கத்து நிறமும் தீர்ப்பைச் சாய்க்கும். நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸின் உட்புறம் சாம்பல் நிறமாக இருப்பது அதற்காகவே.

ஒப்பிடும் முன், வெயிலிலிருந்து வந்ததும் ஓரிரு நிமிடம் கண்ணைப் பழகவிட வேண்டும். துணியை ஒளி ஊடுருவாதபடி மடித்து, பின்னல் திசை ஒன்றாக இருக்க, மாதிரியும் லாட்டும் (ஒரே தடவையில் சாயமேற்றிய துணி) விளிம்போடு விளிம்பு தொட வையுங்கள். முந்தைய லாட்டை நினைவில் வைத்து ஒப்பிடவே கூடாது. நினைவில் நிற்கும் நிறம் நகர்ந்துவிடும். அயர்ன் சூடு ஆறாத துணியும் வேறு ஷேடு காட்டலாம்.

டி65 (பகல் வெளிச்சத்தைப் போன்ற விளக்கு), டிஎல்84 (கடைகளின் ட்யூப் லைட் வகை), குண்டு பல்பு ஆகிய மூன்றிலும் லேப் டிப் கட்டத்திலேயே, அதாவது சிறு துண்டில் சாயமேற்றிப் பார்க்கும்போதே, பார்த்துவிட வேண்டும். மொத்த லாட்டும் சாயமேறியபின் டாப்பிங் போட்டு, அதாவது மேலும் சாயம் சேர்த்து, சரிசெய்தால், மாதிரியில் இல்லாத சாயம் உள்ளே புகுந்து, ஒரு விளக்கில் சேர்ந்தது இன்னொன்றில் முன்னைவிட அதிகமாகவே பிரியக்கூடும்.